நாய் நின்ன வீடு

1

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய் வந்தது. நாய் வருவதெல்லாம் ஒரு சேதியா என்று அருப்புக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் கேட்கலாம். இது தானாக வந்த நாயல்ல. போன் பண்ணிக் கூப்பிட்டு, நாள் கேட்டு, வருகிற அன்றைக்கு வாசலைக் கூட்டிவைத்து வரவேற்ற நாய். தொலைந்துபோன வீட்டுப் பிராணிகளை மோப்பம் பிடித்துத் தேடித் தருவது அதன் வேலை. எங்களுக்குத் தொலைந்தது ஒரு பூனை.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் முதலில் சிரித்தவள்தான். நம் பக்கத்தில் பூனை வரும், போகும். பால் சட்டியை உருட்டினால் விளக்குமாற்றை எடுப்போம். நாலு நாள் காணவில்லையென்றால் யாரும் கவலைப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இங்கிலாந்தில் பூனை வீட்டில் ஓர் ஆள். அதற்குத் தட்டு தனி, கம்பளி தனி, டாக்டர் தனி. பத்து வருஷத்துக்கு மேலாக இந்த நாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். பூனை டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் ஜனங்களுக்கு இருக்கிற பொறுமை என் வார்டில் யாருக்கும் கிடையாது.

பூனை என் மகள் வசந்தாவுடையது. பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் அவளை 'வாஸ்' என்கிறார்கள், அவளும் அப்படியே கையெழுத்துப் போடுகிறாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். தெலுங்கில் கேட்டால் பதிலே வராது. நாங்கள் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசி வளர்ந்த நெசவுக் குடும்பம். என் மகளிடம் மிஞ்சியிருக்கும் தெலுங்கு ஒரே ஒரு சொல். அது பூனையின் பெயர், 'பில்லி'.

தெலுங்கில் பில்லி என்றால் பூனை, அவ்வளவுதான். குட்டியாக வந்த அன்று நான் "பில்லி, பில்லி" என்று பாலூற்றினேன். பெயரே அதுதான் என்று வசந்தா நினைத்துக்கொண்டாள். இங்கே அது ஆம்பிளைப் பெயர் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். தெருவில் பில்லி என்ற பெயரில் ஒரு பால்காரரும் உண்டு. எங்கள் பில்லியோ பொட்டை. மாற்றலாமே என்றால் மகள் ஒத்துக்கொள்ளவில்லை.

2

பூனை காணாமல் போன இரண்டாம் நாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வசந்தா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் என்பதுதான் சரி. ஸ்டேஷன் படியேற என் குடும்பத்தில் யாருக்கும் கால் வராது. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

மேஜைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். நாய் தொலைந்தால் எழுதிக்கொள்வோம், அதற்குச் சட்டம் இருக்கிறது, பூனை தொலைந்தால் எழுதுவதற்கில்லை, பூனை தன் இஷ்டத்துக்குப் போய்வருகிற பிராணி என்று விளக்கினார். நகராட்சியில் கேட்டுப் பாருங்கள் என்றார். நகராட்சியில் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு அனுப்பினார்கள். கடைசி ஜன்னலில் இருந்த அம்மாள் செத்த பூனைகளைப் பற்றிய விவரம் மட்டும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். வசந்தா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு அவளே கொட்டை எழுத்தில் எழுதித் தெருவெல்லாம் ஒட்டினாள். "பில்லியைக் காணவில்லை. சாம்பல் நிறம். தயவுசெய்து சொல்லுங்கள்." அதில் அவன், அவள் என்று ஒன்றும் இல்லை. ஒரு வாரமாக யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

பிள்ளை சாப்பாட்டைத் தொடவில்லை. என்னோடு பேச்சும் இல்லை. ஒருநாள் காலையில் ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "உனக்கு அது போனதே நல்லது. நீ அதைப் பூனை என்றுதானே கூப்பிட்டாய், உனக்கு அது வெறும் பூனை." எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு தெலுங்குச் சொல்லுக்கு அர்த்தம் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் சொல்லிப் புலம்பினேன். அவள்தான் ஹார்ட்லி என்பவரின் போன் நம்பரைக் கொடுத்தாள். போலீஸில் நாய் பழக்கி ரிட்டயரான மனுஷன், இப்போது தன் நாயை வைத்துக்கொண்டு தொலைந்த பூனை, நாய்களைத் தேடித் தருகிறார் என்றாள்.

போனில் அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "பூனை படுத்த துணி ஏதாவது இருந்தால் அப்படியே கிடக்கட்டும். யாரும் தொடவேண்டாம்."

"ஆகட்டும்" என்றேன்.

3

சனிக்கிழமை காலையில் ஹார்ட்லி வந்தார். குட்டையான மனிதர், முழங்கால் வலிக்காரர் போல விந்தி விந்தி நடந்தார். நான் ஏதோ தொங்கு காதும் சின்ன உடம்புமாக ஒரு நாயை எதிர்பார்த்திருந்தேன். வண்டியின் பின்கதவைத் திறந்ததும் இறங்கியது ஓர் அல்சேஷன். காது விடைத்து, முதுகு கறுத்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அதே சாதி நாயை இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் அத்தனை பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

4

திருச்சுழி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். மழையை நம்பிக் கம்பும் சோளமும் போடுகிற சம்சாரிகளின் ஊர். அதில் நாலைந்து வீடுகள் மட்டும் எங்களைப் போலத் தறி போட்டவர்கள். பங்குனிப் பொங்கலுக்கு ஊர் அம்மனுக்குச் சாத்துகிற சேலை வருஷா வருஷம் எங்கள் நாயனாவின் தறியிலிருந்துதான் போகும். நாயனா என்றால் எங்கள் பேச்சில் அப்பா. அந்தச் சேலை தறியில் ஏறியதும் அவர் மாமிசம் தொடமாட்டார், செருப்புப் போடமாட்டார். வேறு பெருமை எதுவும் அவருக்குக் கிடையாது.

அறுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி. மதுரையில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்த நான் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் கோயில் கதவு திறந்து கிடந்தது. அம்மன் கழுத்தில் பொட்டுத்தாலியைக் காணோம். வாசல் சுவர் மேல் ஒரு பழந்துண்டு மட்டும் இருந்தது. அது பூசாரியுடையதல்ல, ஊரில் யாருடையதும் அல்ல என்று தெரிந்ததும் போலீசுக்கு ஆள் போனது. மறுநாள் மதுரையிலிருந்து மோப்ப நாய் வந்தது.

எங்கள் பக்கத்தில் நாய்க்குப் பஞ்சமில்லை. முயல் வேட்டைக்கென்றே ஒல்லியும் உசரமுமாக வளர்ப்பார்கள். ஆனால் அதெல்லாம் கண்ணால் கண்டு விரட்டுகிற நாய்கள். முகர்ந்து பார்த்தே கள்ளனைப் பிடிக்கும் நாயை யாரும் கண்டதில்லை. நரிக்குடிப் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

நாயைக் கொண்டுவந்த போலீஸ்காரர் துண்டை ஒரு குச்சியால் தூக்கிக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "இத யாராச்சும் தொட்டீகளா? தொட்டிருந்தா இப்பமே சொல்லிருங்க."

ஒருத்தரும் பேசவில்லை. நாயனாவும் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். அவரும் பேசவில்லை. தறியில் பாதித் துணி நிற்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி, தறிக்கு முன்னால் கால் தொங்கவிடுகிற குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

நாய் துண்டை முகர்ந்தது. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மூக்கைத் தரையில் வைத்தபடி தெருவோடு வந்தது. பின்னால் ஊரே வந்தது. நான் எங்கள் வீட்டு நடையில் நின்றுகொண்டிருந்தேன். என்னை உரசிக்கொண்டு உள்ளே போன நாய் தறிக்குழி ஓரத்தில் நின்று நாயனாவைப் பார்த்தது. பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தது.

நாயனா பயப்படக்கூட இல்லை. என்ன இது என்கிற மாதிரி எல்லோரையும் பார்த்தார். நாட்டாமைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னய்யா இது? நாய் உம்மக்கிட்ட வந்து நிக்கிது?"

நாயனா கொஞ்சநேரம் யோசித்தார். அப்புறம் முகம் தெளிந்தது. "ஓ, அதுவா! நேத்து விடியக்காலம் கம்மாய்க்குப் போனேன்ல, அப்பம் அந்தத் துண்டு கோயில் வாசல்ல கீழ கெடந்துச்சு. பூசாரிதாக்கும்னு ஒதறி, மடிச்சு, செவுத்து மேல வச்சிட்டுப் போனேன்."

"தொட்டீகளான்னு அவுக கேட்டப்ப வாயத் தொறக்கலையே? நாய் வந்து நின்ன பெறகுதான் ஞாவகம் வருதாக்கும்?" என்றார் நாட்டாமை.

"மடிச்சுத்தான்யா வச்சேன். அது தொட்டதுல சேரும்னு எனக்குத் தோணல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எங்கள் ஜனங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. துணி தரையில் கிடந்தால் எடுத்து உதறி மடித்து மேலே வைப்போம். எங்கள் வீட்டில் அது மூச்சு விடுகிற மாதிரி, செய்கிறவருக்குச் செய்த நினைப்பு இருக்காது. இதை அந்தக் கூட்டத்துக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? நான் சொன்னேன். அம்மா சொன்னாள். "நாய்க்குத் தெரியாதா, தொட்டவன் யாரு, எடுத்தவன் யாருன்னு?" என்று பதில் வந்தது.

நாயனாவை இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். கேஸ் எதுவும் இல்லை. நகையும் கடைசிவரை கிடைக்கவில்லை. ஊரில் யாரும் எங்களை அடிக்கவில்லை, வையவில்லை, தண்ணீர் எடுக்கத் தடையுமில்லை. அடுத்த பங்குனிக்கு அம்மன் சேலையை மட்டும் டவுனில் கடையில் வாங்கினார்கள். நாயனா அந்தச் சேலைக்கான நூலைச் சாயம் போட்டு எடுத்துவைத்திருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு 'நாய் நின்ன வீடு' என்று பேராகிவிட்டது. தெருப் பிள்ளைகளுக்கு இன்னும் வசதி. நாங்கள் நாயனா என்று கூப்பிடுவதைக் கேட்டு, "ஏலே, நாய் நின்ன நாயனா!" என்று ராகம் போட்டார்கள். என் தம்பி அப்போது ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவன் வெளியில் அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டான். தெலுங்குக்காரன் வீட்டில் அப்பாவா என்று யாரும் கேட்கவில்லை. நாயனாவும் கேட்கவில்லை. அடுத்த வருஷமே வீட்டை விற்றுவிட்டு அருப்புக்கோட்டைக்குக் குடிவந்துவிட்டோம். டவுனுக்கு வந்த பிறகும் தம்பி அதை மாற்றவில்லை.

நாட்டாமை கேட்ட அந்தக் கேள்வி மட்டும் என்னோடு விமானம் ஏறி இங்கே வந்தது. என் நாயனா களவாணி இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்டபோதே ஏன் சொல்லவில்லை என்பதற்குத்தான் அடுத்தவர் ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரு பதில் என்னிடம் இல்லை.

5

அடுப்படியில் பில்லி படுக்கிற நாற்காலியை ஹார்ட்லிக்குக் காட்டினேன். அதன் மேல் பூனையின் கம்பளி இருந்தது.

"இதை யாராவது தொட்டீர்களா?"

"இல்லை" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்துச் சொன்னேன்.

அவர் கம்பளியை ஓர் இடுக்கியால் எடுத்து நாயிடம் நீட்டினார். நாய் முகர்ந்தது. வாசல் பக்கம் போகும் என்று வசந்தா ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நாய் வாசலுக்குப் போகவில்லை. அடுப்படியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தது. என் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. பார்த்துவிட்டு என் காலடியில் உட்கார்ந்தது.

மனசில் தறிக்குழியும் நாட்டாமையும் கூட்டமும் அப்படியே வந்து நின்றார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை, நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன். வாயில் வந்தது தெலுங்காம். வசந்தா பிறகு சொன்னாள்.

ஹார்ட்லி தலையைச் சொறிந்தார். கம்பளியை இன்னொரு தடவை பார்த்தார்.

"அம்மா, பூனை தன் கம்பளியை நாலாக மடித்து வைக்காது" என்றார்.

நான் பார்த்தேன். ஓரமும் ஓரமும் பிசகாமல், தறியிலிருந்து இறக்கிய துணி கணக்காக மடிந்திருந்தது. எப்போது மடித்தேன்? காலையில் வீடு கூட்டும்போதா, நேற்றா? இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை.

"மம், நீ எதைப் பார்த்தாலும் மடிப்பாய்" என்றாள் வசந்தா. "ஆஸ்பத்திரியில் அடுத்தவர் துண்டைக்கூட மடிப்பாய். உனக்கே தெரியாது."

நான் ஹார்ட்லியிடம் கேட்டேன். "அப்படியானால் உங்கள் நாய் தப்புச் செய்துவிட்டதா?"

"இல்லையே. துணியில் யார் வாசனை மேலாக இருந்ததோ அவரிடம் வந்து நின்றது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். யார் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நீங்கள் மடித்தீர்கள் என்று எனக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் வேறு துணி கேட்டிருப்பேன்." பிறகு, நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்தோ என்னவோ, "நீங்கள் பொய் சொல்லவில்லை, அம்மா. கை தன்பாட்டில் செய்வதை யார் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள்?" என்றார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பூனைக்காக அழுகிறேன் என்று நினைத்து என் மகள் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் என் பக்கத்தில் வந்தாள். சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

6

நான் தொடாத துணி அந்த வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. வசந்தாவின் பழைய ஸ்வெட்டர். மடித்துவை, மடித்துவை என்று நான் தினம் கத்துவதற்குப் பயந்து அதைக் கட்டிலுக்கு அடியில் சுருட்டி எறிந்திருக்கிறாள். பில்லி அதில் படுத்துக் கிடந்திருக்கிறது. பூனை மயிர் அப்பிய அந்தச் சுருட்டலைப் பார்த்து ஹார்ட்லிக்குப் பரம சந்தோஷம். வசந்தாவை நாய்க்குப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். இவள் இங்கே இருக்கிறாள், இவள் வாசனையைத் தேடவேண்டியதில்லை, மிச்ச வாசனையைத் தேடு என்று நாய்க்கு அதுதான் அடையாளமாம்.

இந்தத் தடவை நாய் வாசலைத் தாண்டியது. தெருவில் நாலு வீடு தள்ளி, ஒரு கிழவியம்மாள் கணப்புக்குக் கரி போட்டுவைக்கிற கொட்டடி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. கதவைத் திறந்தால் உள்ளே பழைய சாக்கில் பில்லி, வயிற்றை முட்டிக்கொண்டு கண் திறக்காத மூன்று குட்டிகள். பாலைக் குடித்துக் கொழுத்த வயிறு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பக்கத்தில் கிழவியம்மாள் வைத்த பால் கிண்ணம்.

"இது பில்லியா?" என்று அவர் வாயைப் பிளந்தார். "நோட்டீஸைத் தினமும் படித்தேனே! பில்லி என்றிருந்ததால் கடுவன் என்று நினைத்தேன். குட்டி போட்ட பூனையைப் போய் பில்லி என்று யார் கூப்பிடுவார்கள்?"

ஹார்ட்லி சிரித்த சிரிப்பில் நாயே திரும்பிப் பார்த்தது. வசந்தா கரித்தூளில் மண்டியிட்டு, "பில்லி, பில்லி" என்று கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லை அவள் சுத்தமாக, எங்கள் வீட்டுத் தெலுங்காகவே சொல்கிறாள்.

7

அடுத்த நாள் அருப்புக்கோட்டைக்கு டிரங்க் கால் போட்டேன். பஜாரில் தம்பி வேலை பார்க்கிற ஜவுளிக்கடை போன். நாயனாவும் சாயங்காலங்களில் அங்கேதான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட துணியையெல்லாம் யாரும் கேட்காமலே மடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

தம்பிதான் எடுத்தான். லைன் கரகரவென்றது. நாய் வந்ததையும், கம்பளியையும், யாராவது தொட்டீர்களா என்று ஹார்ட்லி கேட்டதையும், இல்லை என்று நான் சொன்னதையும், நாய் என் காலடியில் உட்கார்ந்ததையும் ஒரே மூச்சில் கத்திச் சொன்னேன். லைன் போய்விட்டதாக்கும் என்று, "கேக்குதாடா?" என்றேன்.

"கேக்குதுக்கா."

அப்புறம் அவன் போனை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கூப்பிட்ட சத்தம் எனக்கு இங்கே கேட்டது. சாயங்கால யாபார நேரம், கடை நிறைய ஜனம் இருந்திருக்கும். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி என் தம்பி, "நாயனா! நாயனா, இங்க வாங்க!" என்று கூப்பிட்டான்.

நாயனா வந்து போனை வாங்கினார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் பேசியது தெலுங்கு, உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். முதலில், "பில்லி கெடச்சிருச்சா?" என்றார். கெடச்சிருச்சு என்றேன். அவர் ஊரைப் பற்றிச் சொல்வார், நாட்டாமையைப் பற்றிச் சொல்வார், அந்த இரண்டு நாளைப் பற்றி இப்போதாவது வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன்.

"அந்த ஊர்ல போயும் நீ மடிச்சா வச்ச?" என்றார். கேள்வியில்லை அது. சந்தோஷத்தில் அதையே இன்னொரு தடவை சொன்னார்.

இதைப் படிக்கிறவர்களில் எங்கள் ஊர்க்காரர்கள் இருப்பீர்கள். திருச்சுழி போகிற பஸ்ஸில் ஏறி, எங்கே இறங்கணும் என்று கண்டக்டர் கேட்டால், இப்போதும் 'நாய் நின்ன வீட்டு' முக்கு என்றுதான் சொல்கிறீர்களாம். தம்பி எழுதியிருந்தான். பேரை மாற்றவேண்டாம், அப்படியே சொல்லுங்கள். நாய் சரியான வீட்டில்தான் நின்றது. அம்மன் வாசலில் காலில் மிதிபடக் கிடந்த துணியை எடுத்து உதறி, மடித்து, மேலே வைத்தவர் வீடு அது.